பெல்ட் மட்டும் போதுமா?

போன வாரம் ஆபீஸ்ல கூட ஆணி பிடுங்குற பையன் ஒருத்தன் காபி மிஷின் பக்கத்துல பிடிச்சுக்கிட்டான்.

"அண்ணே, காருக்கு டைமிங் பெல்ட் மாத்தணும்ங்கிறாங்க. பெல்ட் மட்டும்னா 600 டாலராம். வாட்டர் பம்ப், டென்ஷனர் எல்லாம் சேர்த்தா 1,000த்துக்கு மேல. பம்ப்பு நல்லாத்தான் ஓடிக்கிட்டிருக்கு. பெல்ட் மட்டும் போதும்ல?"

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசாம நின்னேன். இதே கேள்வியை 2007ல நான் என்னையே கேட்டுக்கிட்டேன். பதிலையும் நானே சொல்லிக்கிட்டேன். அந்தப் பதிலோட விலை என்னன்னு அவனுக்கு அஞ்சு நிமிஷத்துல சொல்ல முடியலை. அதான் இங்க எழுதி வச்சுடலாம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்குங்க.

கார் மேட்டர்னாலே எஸ்கேப் ஆகுற மக்களுக்காக முதல்ல சின்னதா ஒரு பாடம்.

எஞ்சினுக்குள்ள ரெண்டு முக்கியமான ஆளுங்க. கீழே கிராங்க் ஷாஃப்ட், மேலே கேம் ஷாஃப்ட். பிஸ்டன் ஏறி இறங்குறதைச் சுத்தா மாத்தி சக்கரத்துக்கு அனுப்புறவர் கிராங்க். காத்தும் பெட்ரோலும் உள்ளே வரவும் புகை வெளியே போகவும் நேரம் பார்த்து வால்வைத் திறந்து மூடுறவர் கேம். கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம் ஒரு சுத்து சுத்தணும். அந்தக் கணக்கு தப்பாம ரெண்டு பேரையும் சேர்த்துக் கட்டி வச்சிருக்கிறதுதான் டைமிங் பெல்ட். உள்பக்கம் பல்லு வச்ச ரப்பர் பட்டை, ரப்பருக்குள்ளே கண்ணாடி இழைக் கயிறு. அவ்வளவுதான்.

ஹைவேல 3,000 ஆர்.பி.எம்.ல போறீங்கன்னு வச்சுக்குங்க. கிராங்க் நொடிக்கு 50 சுத்து, கேம் 25 சுத்து. அதாவது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 தடவை திறந்து மூடுது. இதுல இன்னொரு வில்லங்கம் இருக்கு. நிறைய எஞ்சின்கள்ல பிஸ்டன் மேலே ஏறி வர்ற இடமும், வால்வு கீழே இறங்குற இடமும் ஒண்ணேதான். திருவல்லிக்கேணி மேன்ஷன்ல ஒரே பாத்ரூமை ரெண்டு ரூம்காரங்க முறை வச்சு உபயோகிக்கிற மாதிரி. முறை தப்பாத வரைக்கும் பிரச்சினை இல்லை. பெல்ட் அறுந்தா கேம் அப்படியே நின்னுடும். திறந்திருக்கிற வால்வு திறந்தபடியே நிக்கும். வண்டி ஓடுற வேகத்துல பிஸ்டன் மட்டும் மேலே வந்து அதை முட்டும். வால்வு வளையும். சில சமயம் பிஸ்டனுக்கும் அடி. அப்புறம் ஹெட்டைக் கழட்டாம வேலை நடக்காது.

இந்தப் பெல்ட் தனியா ஓடுறதும் இல்லை. அதைத் தொய்வில்லாம இழுத்துப் பிடிக்க டென்ஷனர், வழி மாறாம திருப்பி விட ஐட்லர் புல்லி. பல வண்டிகள்ல எஞ்சினைச் சுத்தி கூலண்டை அனுப்புற வாட்டர் பம்ப்பையும் இதே பெல்ட்தான் சுத்துது. எல்லாத்துக்கும் உள்ளே பேரிங். எல்லாம் ஒரே நாள்ல ஃபேக்டரியில மாட்டினது, அன்னையிலேருந்து அத்தனை மைலும் சேர்ந்தே ஓடினது. அதுல ஒரு பேரிங் இறுகி நின்னாலும் பெல்ட் காலி. பெல்ட் புதுசா பழசாங்கிறதெல்லாம் அப்ப கணக்கே இல்லை.

நம்ம ஊர்ல மாருதி 800, பழைய ஸான்ட்ரோ, இண்டிகா டீசல் வச்சிருந்தவங்களுக்கு இந்தப் பெல்ட் பரிச்சயமா இருக்கும். இப்ப வர்ற நிறைய கார்கள்ல செயின். மின்சாரக் காருக்கு இந்த வம்பே இல்லை. ஆனா பெல்ட் வச்ச வண்டிங்க இன்னும் ரோட்ல நிறைய ஓடுது. என்னுது உட்பட.

பாடம் முடிஞ்சது. கதைக்கு வருவோம்.

2007ல நியூ ஜெர்சியில இருந்தோம். ஒரு பழைய ஜப்பான் செடான், நாலு சிலிண்டர். வண்டி பேரு வேண்டாம், அது மேல தப்பு இல்லை. 96,000 மைல் ஓடியிருந்தது. வழக்கமா போற சின்ன ஒர்க்‌ஷாப்ல பெல்ட் மாத்துற நேரம் வந்தாச்சுன்னு சொன்னாங்க. பெல்ட் மட்டும்னா 340 டாலர். பம்ப்பு, டென்ஷனர், ஐட்லர் எல்லாம் சேர்த்து 580. மெக்கானிக் நல்ல மனுஷன். "என் வண்டியா இருந்தா எல்லாத்தையும் சேர்த்துத்தான் மாத்துவேன்"னு சொன்னார்.

நம்ம மூளைதான் வேற மாதிரி வேலை செய்யுமே. 'வித்தியாசம் 240 டாலர். பம்ப்பு ஒழுகலை, சத்தம் போடலை. இவன் தலையில மிளகாய் அரைக்கப் பாக்குறான்.' இந்தியாவுல வளர்ந்தவன் இல்லையா, மெக்கானிக் ஒண்ணு கூடுதலா சொன்னாலே சந்தேகம் வந்துடும். "பெல்ட் மட்டும் போதும்"னேன். அவர் தோளைக் குலுக்கிட்டு எழுதிக்கிட்டார்.

அந்தக் கணக்குல எங்க கோட்டை விட்டேன்னு இப்பத் தெரியுது. அந்த 340ல பெல்ட்டோட விலை 40 டாலர் இருந்தா அதிகம். மிச்சம் எல்லாமே கூலி. சக்கரத்தைக் கழட்டி, எஞ்சின் மவுண்ட்டைக் கழட்டி, கிராங்க் புல்லியைக் கழட்டி, கவரைத் திறந்து உள்ளே போறதுக்கான கூலி. அங்க போய்ச் சேர்ந்த பிறகு பம்ப்பு கைக்கெட்டுற தூரத்துல சும்மா உக்காந்திருக்கு. இன்னொரு நாள் அது மட்டும் கெட்டா, அதே கூலியை முழுசா இன்னொரு தடவை அழணும். கிணறு வெட்டக் காசு கொடுத்துட்டு, கயிறு வாங்கக் கணக்குப் பார்த்த கதை.

அந்த வாரக் கடைசியில ஊருக்குப் போன் பண்ணினேன்.

அப்பாவைப் பத்திச் சொல்லணும். கும்பகோணம் பக்கம் ஒரு அரசு பஸ் டெப்போவுல 33 வருஷம் ஃபிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவர். பஸ்ஸு கேட்டுக்குள்ள நுழையும்போதே சத்தத்தை வச்சு "பின்பக்க ஹப் பேரிங் போயிருக்கு, இறக்கு"ன்னு சொல்ற ஆளு. நான் பொட்டி தட்டிச் சம்பாதிக்கிறது அவருக்குப் பெருமைதான். ஆனா போன்ல பேசினா அம்மா "சாப்பிட்டியா"ம்பாங்க, அப்பா "வண்டி எப்படி ஓடுது"ம்பார். எங்களுக்குள்ள பேச்சே அதுதான்.

"டைமிங் பெல்ட் மாத்தினேன்ப்பா."

"பெல்ட்டா? டைமிங்குக்கா? ரப்பர்லயா?" அவருக்கு நம்பவே முடியலை. "நம்ம லேலண்டுல எல்லாம் கியர்தானேடா. இரும்போட இரும்பு."

விளக்கிச் சொன்னேன். பம்ப்பையும் அதே பெல்ட்தான் ஓட்டுதுன்னு சொன்னதும் அடுத்த கேள்வி உடனே வந்தது.

"அப்ப பம்ப்பையும் சேர்த்து மாத்திட்டேல்ல?"

"மாத்தியாச்சுப்பா. எல்லாம் செட்டா மாத்தியாச்சு."

ஏன் அப்படிச் சொன்னேன்னு இன்னிக்கு வரைக்கும் சரியா விளங்கலை. 240 டாலருக்குக் கஞ்சத்தனம் பண்ணினேன்னு அவர்கிட்ட ஒத்துக்க வெட்கமா இருந்திருக்கலாம். பத்து நிமிஷம் லெக்சர் கேக்க வேண்டாமேன்னும் இருந்திருக்கலாம். சின்னப் பொய்தானே, எட்டாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மனுஷன் பானெட்டைத் திறந்தா பாக்கப் போறார்னு நினைச்சேன்.

2009 ஆகஸ்ட்ல அம்மாவும் அப்பாவும் ஆறு மாச விசாவுல வந்தாங்க. ஜெட் லாக்ல மூணு மணிக்கே முழிச்சுக்கிட்டு, விடிஞ்சதும் அப்பா பண்ணின முதல் வேலை என்ன தெரியுமா? பானெட்டைத் திறந்து பார்த்ததுதான். அவ்வ்வ்.

"ஸ்டார்ட் பண்ணு."

பண்ணினேன். தலையைச் சாய்ச்சு கண்ணை மூடி ஒரு நிமிஷம் கேட்டார்.

"ஏதோ ஒரு பேரிங் சத்தம் வருதே தம்பி. மெல்லிசா. கேக்குதா உனக்கு?"

எனக்குக் கேக்கலை. நிஜமாவே கேக்கலை.

"அந்தப் பெல்ட் பக்கம்தான் வருது. பம்ப்புன்னு சொல்லலாம்..." கொஞ்சம் யோசிச்சார். "நீ புதுசு போட்டு ரெண்டு வருஷம்தானே ஆச்சு. அதுக்குள்ள போகாது. அப்ப ஆல்டர்னேட்டரா இருக்கும். அவசரம் இல்லை, பொறவு பாத்துக்கலாம்."

அந்த நிமிஷம் வாயைத் திறந்திருக்கணும். 'இல்லப்பா, பம்ப்பு பழசுதான்'னு நாலே வார்த்தை. தங்கமணி காபியோட வந்தா, பேச்சு வேற பக்கம் போயிடுச்சு, நானும் அப்படியே போக விட்டுட்டேன். அடுத்த சில வாரத்துல ரிசர்வ் டாங்க்ல கூலண்ட் ரெண்டு தடவை குறைஞ்சது. ஊத்தி நிரப்பினேன். நிறுத்தும்போது லேசா ஒரு தித்திப்பு வாசனை வந்தது. ஜன்னலைத் திறந்து விட்டேன். எல்லாம் தெரிஞ்சேதான். எனக்கு யார் மேலயும் பழி போட வழியே இல்லை.

அக்டோபர்ல நயாகரா. அமெரிக்கா வந்த எந்த அப்பா அம்மாவைத்தான் நாம நயாகராவுக்குக் கூட்டிட்டுப் போகாம விட்டிருக்கோம்? அம்மா ராத்திரியே புளியோதரை கிளறி, தயிர் சாதம் பிசைஞ்சு, மாவடு பாட்டிலை எடுத்து வச்சாச்சு. நாலு வயசுப் பொண்ணு கார் ஸீட்ல, அம்மாவும் தங்கமணியும் அவ பக்கத்துல, அப்பா முன்னாடி. ஐ-80, ஐ-380, அப்புறம் ஐ-81ல வடக்கே. ஸ்க்ரான்டன் தாண்டியாச்சு, பிங்காம்ட்டனுக்கு இன்னும் கொஞ்ச தூரம். மலை முழுக்க மஞ்சளும் சிவப்புமா இலைங்க. அம்மா அதைப் பாத்துக்கிட்டே வந்தாங்க.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. ஒரு 'டக்'. அவ்வளவுதான். ஆக்ஸிலரேட்டர்ல காலு இருக்கு, வண்டி இழுக்கலை. டாஷ்போர்டுல சிவப்பு விளக்கெல்லாம் எரியுது. ஸ்டீரிங் கல்லா இறுகிடுச்சு. பின்னாடி ஒரு பதினெட்டு சக்கர லாரி ஹார்ன் அடிச்சுக்கிட்டே வர்றான். எப்படி ஓரம் கட்டினேன்னு தெரியலை. நல்லவேளை அந்த இடம் லேசான இறக்கம்.

சாவியைத் திருப்பினேன். விர்ர்ர்னு சுத்துச்சு. எந்தத் தடையும் இல்லாம, லேசா, வேகமா.

அப்பா என் கையைப் பிடிச்சுட்டார். "திருப்பாதே. கம்ப்ரெஷன் இல்லை. டைமிங் போயிடுச்சு."

கொஞ்ச நேரம் கழிச்சு அவரே மெதுவா, "புதுப் பெல்ட் எப்படிடா அறும்?"னார். என்கிட்ட கேட்ட மாதிரி இல்லை. தனக்குத்தானே கேட்டுக்கிட்ட மாதிரி.

காருக்கு வலப்பக்கம் கார்ட் ரெயிலுக்கு அந்தப் பக்கம் போய் நின்னோம். காத்து ஊசியா குத்துது. அம்மாவுக்கு முழங்கால் வலி, நிக்க முடியலை. ஒரு பெட்ஷீட்டை விரிச்சு புல் மேல உக்கார வச்சோம். லாரி ஒவ்வொண்ணு போகும்போதும் குழந்தை காதைப் பொத்திக்கிட்டு அழுதா. ஸ்டேட் ட்ரூப்பர் ஒருத்தர் வந்து பின்னாடி விளக்கைப் போட்டுக்கிட்டு நின்னார், அப்பத்தான் எனக்கு மூச்சே வந்தது. டோ டிரக் வர ஒண்ணேகால் மணி நேரம். பக்கத்து எக்ஸிட்ல ஒரு பெட்ரோல் பங்க்ல உக்காந்து, நியூ ஜெர்சியிலேருந்து நண்பன் வேன் எடுத்துக்கிட்டு வர்றதுக்குள்ள இருட்டிடுச்சு. புளியோதரையை அங்கேயே பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்து சாப்பிட்டோம். அன்னிக்கு எங்க நயாகரா அந்த பங்க்தான்.

ராத்திரி வேன்ல அப்பா ஒரு வார்த்தை பேசலை. கோபம்னு நினைச்சேன்.

ரெண்டு நாள் கழிச்சு நானும் அப்பாவும் மட்டும் வாடகைக் கார்ல அந்த ஊர் ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். கவரைக் கழட்டி வச்சிருந்தாங்க. பம்ப்போட சீல் போய், அடியில இருக்கிற சின்ன ஓட்டை வழியா கூலண்ட் கசிஞ்சு, பெல்ட் முழுக்க ஊறியிருந்தது. பேரிங் தேய்ஞ்சு புல்லி சாய்ஞ்சு, கடைசியில பெல்ட்டோட பல்லையெல்லாம் வழிச்சு எடுத்திருச்சு. வால்வுங்க வளைஞ்சாச்சு. சரி பண்ண 2,800 டாலர். வண்டியோட மதிப்பே அதுக்குக் கொஞ்சம்தான் மேல.

மெக்கானிக் அந்தப் பம்ப்பைக் கழட்டி அப்பா கையில கொடுத்தார். அப்பாவுக்கு இங்கிலீஷ் சுமார், அவருக்குத் தமிழ் சுத்தமா தெரியாது. ஆனா ரெண்டு பேரும் அந்தப் பம்ப்பை வச்சு நல்லாவே பேசிக்கிட்டாங்க. அப்பா புல்லியைப் பிடிச்சு ஆட்டிப் பார்த்தார். கட கடன்னு ஆடுச்சு. திருப்பி, பின்பக்கம் துருவையும் படிஞ்சிருந்த உப்பையும் கட்டை விரலால தேய்ச்சுப் பார்த்தார். ரெண்டு வருஷப் பம்ப்பா பத்து வருஷப் பம்ப்பான்னு 33 வருஷம் ஃபிட்டரா இருந்தவருக்குச் சொல்லித் தரணுமா என்ன?

நான் சுவத்துல மாட்டியிருந்த காலண்டரைப் பாத்துக்கிட்டு நின்னேன்.

அவர் ஒண்ணும் கேக்கலை. பம்ப்பை மேஜை மேல வச்சு, கையைத் துணியில துடைச்சுக்கிட்டு, "போலாம் தம்பி"ன்னார். திரும்பி வர்ற வழியெல்லாம் டெப்போ கதை. ரொம்ப நாளைக்கப்புறம் சிரிச்சுச் சிரிச்சுப் பேசினார். அது எனக்கு இன்னும் வேதனையா இருந்தது. ரெண்டு அறை விட்டிருந்தா நிம்மதியாப் போயிருக்கும்.

வண்டியை 400 டாலருக்குக் காயலான் கடைக்குக் கொடுத்தோம். மிச்சம் பிடிச்ச 240 டாலருக்கு மொத்தச் செலவு எவ்வளவுன்னு நான் கூட்டிப் பார்க்கவே இல்லை. தங்கமணி கூட்டிப் பார்த்தா. தொகை இங்க வேண்டாம்.

அடுத்து வாங்கினது 2008 மாடல் ஹோண்டா ஓடிஸி. 3.5 லிட்டர் வி6. இதுலயும் பெல்ட்தான், பம்ப்பையும் அதே பெல்ட்தான் ஓட்டுது, அறுந்தா வால்வு முட்டுற ரகம்தான். பொதுவா ஏழு வருஷம் அல்லது 1,05,000 மைல்னு கணக்குச் சொல்வாங்க. 43 டிகிரிக்கு மேல சுடுற ஊர்லயோ, மைனஸ் 29க்குக் கீழ உறையுற ஊர்லயோ வழக்கமா ஓட்டினா 60,000 மைல்லயே மாத்தணும். 2017ல மைலும் நெருங்கி, வருஷமும் தாண்டிடுச்சு.

இந்தத் தடவை நானே மாத்துறதுன்னு முடிவு பண்ணினேன். காசுக்காக இல்லை. ஸ்கைப்ல அப்பாகிட்ட சொன்னப்ப அவர் முகம் மலர்ந்ததைப் பாத்துட்டுப் பின்வாங்க முடியலை. "கேமராவை மட்டும் சரியா வை, நான் பாத்துக்கறேன்"னுட்டார். ஐசின் கம்பெனி கிட் ஒண்ணு வாங்கினேன். பெல்ட், வாட்டர் பம்ப், ஹைட்ராலிக் டென்ஷனர், டென்ஷனர் புல்லி, ஐட்லர் புல்லி எல்லாம் ஒரே டப்பாவுல. டப்பாவைத் திறந்து காட்டினதும் அப்பா சொன்ன முதல் வார்த்தை: "செட்டா வாங்கியிருக்கே. நல்லது." எனக்குத்தான் சுருக்குன்னுச்சு.

ஜூலையில ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணி, அங்க சாயங்காலம் அஞ்சரை. முன் வலப்பக்கச் சக்கரத்தைக் கழட்டி, எஞ்சினுக்கு அடியில கட்டை வச்சு ஜாக்கி கொடுத்து, அந்தப் பக்க மவுண்ட்டைக் கழட்டுற வரைக்கும் சுலபமாப் போச்சு. அப்புறம் வந்தது கிராங்க் புல்லி போல்ட். 19 மில்லிமீட்டர் தலை. இந்த எஞ்சினைத் தொட்டவங்க எல்லாரும் அதைப் பத்திப் புலம்பாம இருந்ததில்லை. கடையில டெபாசிட் கட்டி வாங்கின புல்லி ஹோல்டர், ஆளுயரக் குழாய் சொருகின பார், அது மேல நான் ஏறி நின்னு குதிச்சது எல்லாத்தையும் அது வேடிக்கை பாத்துச்சு. ரெண்டரை மணி நேரம். பக்கத்து வீட்டுக்காரர் வந்து அவரும் சேர்ந்து தொங்கினதும் துப்பாக்கி வெடிச்ச மாதிரி ஒரு சத்தம். நான் போல்ட் உடைஞ்சுதுன்னு நினைச்சு உக்காந்துட்டேன். "இளகிடுச்சு, எழுந்திரு"ன்னார் அப்பா, கும்பகோணத்துலேருந்து.

உள்ளே போனதும் அவர் குரலே மாறிடுச்சு. "மார்க் பாரு. கிராங்க் மார்க் எங்க, கேம் மார்க் ரெண்டும் எங்க. பெயிண்ட் வை. பழைய பெல்ட்டுல பல்லை எண்ணிக்கோ." டென்ஷனர் கை அசையாம இருக்க, பேட்டரியைப் பிடிக்கிற நீட்டு போல்ட்டையே கழட்டி உபயோகிக்கச் சொல்லுது சர்வீஸ் மேனுவல். அதைக் கேட்டு "ஜப்பான்காரனும் டெப்போ புத்திக்காரன்தான்டா"ன்னு சிரிச்சார்.

புதுப் பம்ப், புது டென்ஷனர், புது புல்லிங்க, புதுப் பெல்ட். டென்ஷனர் பின்னை உருவினதும் பெல்ட் விறைப்பா நின்னுச்சு. உடனே மூடப் போனேன்.

"அவசரப்படாதே. கையால சுத்து. ஆறு சுத்து."

ஆறு சுத்து சுத்திட்டு மார்க்கைப் பார்த்தா, முன்பக்கக் கேம் ஒரு பல்லு தள்ளி நிக்குது. எனக்கு அழுகையே வந்துடும் போல இருந்தது. அவர் அலட்டிக்கவே இல்லை. "கையால சுத்தறப்பவே தெரிஞ்சுதே, நல்லதாப் போச்சு. கழட்டி மாட்டு." மறுபடி டென்ஷனரைக் கழட்டி, அமுக்கி, பின்னைப் போட்டு, பெல்ட்டை மாட்டி, மறுபடி ஆறு சுத்து. மார்க் மூணும் கோட்டுல நின்னுச்சு. இங்க மத்தியானம் மூணு, அங்க ராத்திரி பன்னண்டரை. அம்மா உள்ளேருந்து "இன்னும் தூங்கலையா"ன்னு கேக்குற சத்தம் வந்துச்சு.

கழட்டின பழைய சாமான் எல்லாம் தரையில வரிசையா இருந்தது. அப்பா ஒவ்வொண்ணாக் காட்டச் சொன்னார். பம்ப்பைக் கேமரா முன்னாடி சுத்திக் காட்டினேன். ஆட்டம் இல்லை, சத்தம் இல்லை.

"நல்லாத்தான் இருக்குப்பா. வீணா மாத்திட்டோமோ?"

"நல்லா இருக்கறப்ப கழட்டினா அதுக்குப் பேரு வேலை. கெட்டப்புறம் கழட்டினா அது ரிப்பேரு."

கையில அந்தப் பம்ப்பு. எட்டு வருஷமா தொண்டையில நின்னது அப்ப வந்துடுச்சு.

"அப்பா... அந்த நயாகரா போன வண்டியில நான் பம்ப்பு மாத்தவே இல்லை. உங்ககிட்ட பொய் சொன்னேன்."

"தெரியும்டா."

"அப்ப ஏன் ஒண்ணுமே கேக்கலை?"

கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "நீ வேற. அன்னிக்கு ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே இல்லை. பம்ப்பு சத்தம் மாதிரிதான் கேட்டுது, ஆனா அது புதுசுங்கறே. அப்ப என் காது போயிடுச்சா, வயசாயிடுச்சா, நான் ஆல்டர்னேட்டர்னு சொன்னதாலதானே குழந்தையை வச்சுக்கிட்டு நடுரோட்டுல நின்னோம்னு ஒரே உளைச்சல். அந்த ஒர்க்‌ஷாப்ல பம்ப்பைக் கையில வாங்கிப் பாத்ததும்தான் உசிரு வந்துச்சு. என் காது சரியாத்தான் இருக்கு, நம்ம பயதான் பொய் சொல்லியிருக்கான்னு."

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. ரெண்டு நாளா அவர் வாய் திறக்காம இருந்தது என் மேல கோபத்துல இல்லை. தன் மேலேயே சந்தேகத்துல. காசு போனது, கார் போனது, நயாகரா போனது எல்லாம் கணக்குல எழுதிட்டேன். இதை எந்தக் கணக்குல எழுதுறது?

"சரி சரி, கூலண்டை ஊத்து. காத்து இல்லாமப் பாத்து ஊத்து"ன்னுட்டுப் பேச்சை முடிச்சுட்டார். வண்டி முதல் திருப்புலேயே ஸ்டார்ட் ஆச்சு. போனை எஞ்சின் பக்கத்துல பிடிக்கச் சொல்லி ஒரு நிமிஷம் கேட்டார். "ஒண்ணும் இல்லை. போய்க் குளி."

இப்ப அந்தப் பையன் கேள்விக்கு வருவோம். பெல்ட்டுக்காகக் கவரைத் திறந்தா எதெல்லாம் மாத்தணும்?

- பெல்ட், டென்ஷனர், ஐட்லர் புல்லி: கண்ணை மூடிக்கிட்டு மாத்துங்க. பெல்ட்டோட சேர்ந்து சுத்துறது எல்லாத்துக்கும் பெல்ட்டோட வயசுதான்.

- வாட்டர் பம்ப்: டைமிங் பெல்ட் ஓட்டுற பம்ப்புன்னா கட்டாயம். சில வண்டியில பம்ப்பு வெளிப்பக்கம் வேற பெல்ட்டுல ஓடும். அதைத் தனியா எப்ப வேணா மாத்திக்கலாம், அவசரம் இல்லை. முதல்ல உங்க வண்டி எந்த ரகம்னு கேட்டுக்குங்க.

- கூலண்ட்: பம்ப்பைக் கழட்ட எப்படியும் இறக்கணும். பழசையே திருப்பி ஊத்தாதீங்க. உங்க வண்டிக்கு எதுன்னு மேனுவல்ல பாத்து அதையே ஊத்துங்க.

- கிராங்க், கேம் ஆயில் சீல்: ஈரம் இருந்தா மாத்துங்க. ஆயில் பெல்ட்டைத் தின்னுடும். காய்ஞ்சிருந்தா அப்பா "தொடாதே"ன்னார், நான் தொடலை. எல்லாத்தையும் மாத்துறது வேற, மாத்த வேண்டியதை எல்லாம் மாத்துறது வேற.

- வெளிப்பக்க பெல்ட்: எப்படியும் கழட்டித்தான் ஆகணும். விரிசல் இருந்தா புதுசு போட்டுடுங்க.

மைல் மட்டும் பாக்காதீங்க, வருஷத்தையும் பாருங்க. ரப்பர் நின்ன இடத்துலேயே வயசாகும். பழைய வண்டி வாங்குறீங்கன்னா, மாத்தினதுக்கு ரசீது கேளுங்க. ரசீதுல பம்ப்பு இருக்கான்னு பாருங்க. வாய்வார்த்தையா "எல்லாம் மாத்தியாச்சு"ன்னு சொன்னா நம்பாதீங்க. அப்படிச் சொன்ன ஒருத்தனை எனக்கு நல்லாத் தெரியும் :-)

என் ஓடிஸிக்கு 2017 பெல்ட்டோட ஏழு வருஷக் கெடு 2024லயே முடிஞ்சு போச்சு. இப்ப அந்த வண்டியை காலேஜுக்கு ஓட்டிட்டுப் போறது, அன்னிக்கு ஐ-81 ஓரத்துல காதைப் பொத்திக்கிட்டு அழுத அதே பொண்ணு. இனிமே ஒரு நாள் கூடத் தள்ளிப் போடுறதா இல்லை. கிட் ஆர்டர் பண்ணியாச்சு, செட்டாத்தான். அப்பாவுக்கு இப்ப காதுல மிஷின். போன்ல எஞ்சின் சத்தம் சரியா கேக்குறதில்லைன்னு அலுத்துக்கிறார். இருந்தாலும் அடுத்த சனிக்கிழமை காலையில எட்டு மணிக்கு வீடியோ கால்ல உக்காரப் போறார். பொண்ணுதான் இந்தத் தடவை டார்ச் பிடிக்கிறா. அந்த போல்ட்டை நினைச்சாத்தான் இப்பவே முதுகு வலிக்குது.

ஆபீஸ் பையன்கிட்ட இதுல பாதியைத்தான் சொன்னேன். எல்லாத்தையும் சேர்த்து மாத்தச் சொல்லிட்டானாம். "கூட ஆன காசைப் பாத்து அப்பா திட்டுவார்ண்ணே, பெல்ட் மட்டும்தான் மாத்தினேன்னு சொல்லிடட்டுமா?"ன்னு கேட்டான்.

வேணாம்டா சாமி, உள்ளதைச் சொல்லிடுன்னேன்.